ஒரு முழ நூலும் நாற்பதாயிரம் வருஷ சிக்கும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. யாரும் தேடலைன்னு தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கணும் இல்லையா :-)

இந்தத் தடவை பொட்டி தட்டுற விஷயம் எதுவும் இல்ல. ஊசி, நூல், சிக்கு. சிரிக்காதீங்க. நூல் ஏன் சிக்குது, சிக்காம இருக்க மனுஷன் என்னவெல்லாம் பண்ணியிருக்கான்னு ஒரு சின்ன வரலாறு. கொஞ்சம் பெரிய பதிவு, ஒரு டீ எடுத்து வச்சுக்கிட்டு வாங்க.

முதல்ல கொசுவத்தி சுத்திடறேன்.

எங்க ஊர் மார்த்தாண்டம் பக்கம். பாட்டி (அம்மாவோட அம்மா) ஒரு நாற்பது வருஷம் பூத்தையல் போட்டவங்க. தலையணை உறை, மேஜை விரிப்பு, கைக்குட்டைன்னு துணியும் நூலும் ஒருத்தர் கொண்டு வந்து கொடுப்பார், முடிச்சதும் எண்ணிக் கூலி கொடுத்துட்டு எடுத்துட்டுப் போவார். துணியோட பின்பக்கத்தைத் திருப்பித்தான் முதல்ல பார்ப்பாராம். பின்னால முடிச்சு தெரிஞ்சா, நூல் கொத்தா நின்னா, கூலியில பிடிப்பு. அந்தக் காசுலதான் எங்க அம்மா டீச்சர் ட்ரெயினிங் படிச்சாங்க. அதனால எங்க வீட்ல "சிக்கு"ங்கிறது சாதாரண வார்த்தை இல்ல. அது ஃபீஸ் கட்ட வச்ச காசு குறையுறது.

போன டிசம்பர்ல லீவுக்குப் போயிருந்தப்போ பாட்டியோட தகரப் பெட்டியில பாதியில நின்ன ஒரு தலையணை உறை கிடைச்சது. நாலு மூலையிலயும் பூ, அதுல ஒண்ணு பாதிதான் ஆகியிருக்கு. பாட்டிக்கு கண் ஆபரேஷன் ஆயாச்சு, பார்வை பரவாயில்ல, ஆனா கை நடுங்குது. ஊசியில நூல் கோக்க முடியாது. "நான் முடிச்சுத் தரேன் பாட்டி"ன்னு வீரமா உட்கார்ந்தேன். இஞ்சினியராச்சே, அடிக்கடி நூல் கோக்குறது வேஸ்ட்னு நினைச்சு ஒரேயடியா ஒன்றரை மீட்டர் வெட்டிக் கோத்தேன். ஆறாவது தையல்ல ஒரு சுருக்கு. இழுத்தேன், முடிச்சு. பிரிச்சேன், ரெண்டு முடிச்சு. இருபது நிமிஷம் கழிச்சு கத்திரிக்கோலைத் தேடினேன்.

பாட்டி பார்த்துட்டு இருந்தாங்க. சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஒரு முழத்துக்கு மேல நூல் எடுக்கப்பிடாது மக்கா."

ஏன் ஒரு முழம்? அங்க ஆரம்பிச்ச நோண்டல்தான் இந்தப் பதிவு.

முழம்னா எவ்வளவு?

முழங்கை முனையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். பூக்காரம்மா அளக்குறது (அவங்க கை மட்டும் எப்படி எப்பவும் சின்னதா இருக்குன்னு தெரியல). கணக்குக்கு 18 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர். இந்த 46-ஐ மனசுல வச்சுக்குங்க, பின்னால வரும்.

இப்போ அப்படியே ஐரோப்பா போவோம். பிரான்ஸ்ல முல்ஹவுஸ்னு ஒரு ஊர், ஸ்விட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்துல. 1746-ல அங்க துணியில அச்சடிக்கிற கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சது. 1800-ல அதுக்கு டோல்ஃபஸ்-மியெக்னு பேர் வந்தது. எம்பிராய்டரி பண்றவங்க வீட்ல கேட்டுப் பாருங்க, டி.எம்.சி. நூல்னு சொல்வாங்க. அதே கம்பெனிதான். தெரேஸ் த டில்மோன் (1846-1890)ங்கிற ஆஸ்திரியப் பெண்மணி இந்த ஊருக்குப் பக்கத்துல வந்து தங்கி, டி.எம்.சி.யோட சேர்ந்து கைவேலைகளுக்கு ஒரு கலைக்களஞ்சியம் எழுதினாங்க. வெளிவந்தது 1886. அப்புறம் பல மொழிகளுக்குப் போச்சு.

அந்தப் புத்தகத்துல தையல் அத்தியாயத்துலயே நூல் நீளத்தைப் பத்தி வருது. தற்காலிகமா ஓடவிடுற தையல் தவிர வேற எதுக்கும் 40 முதல் 50 சென்டிமீட்டருக்கு மேல நூல் எடுக்கக் கூடாதுங்கிறாங்க. அதாவது ஒரு முழம்! பாட்டிக்கு முல்ஹவுஸ் எங்க இருக்குன்னு தெரியாது. டில்மோனுக்கு மார்த்தாண்டம் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே நீளத்துல வந்து நிக்கிறாங்க.

ஜெர்மன்ல ஒரு பழமொழியும் இருக்கு: நீள நூல், சோம்பேறிப் பொண்ணு. அடிக்கடி கோக்க சோம்பல்பட்டு நீளமா எடுக்குறவளை நக்கல் பண்றது. பையன் எடுத்தா என்ன சொல்வாங்கன்னு பழமொழியில இல்ல. நான்தான் முன்னுதாரணம்.

முடிச்சுக்கு ஒரு சோதனை

2007-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியகோ வளாகத்துல டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணினாங்க. 30 சென்டிமீட்டர் பெட்டி. உள்ள ஒரு கயிறைப் போட்டு, பெட்டியைப் பத்து சுத்து சுத்தி, திறந்து பார்க்கணும். முடிச்சு விழுந்திருக்கா, விழுந்திருந்தா என்ன முடிச்சு. இதை 3,415 தடவை பண்ணினாங்க. (நம்ம டெஸ்டிங் டீம் கவனிக்கவும்.)

முடிவு என்னன்னா, நாம நினைக்கிறதை விட ரொம்ப சீக்கிரமா, சில நொடிகள்லயே முடிச்சு விழுது. வித்தியாசமான முடிச்சுகளே 120 வகை கிடைச்சது. ஆனா நீளத்தைப் பாருங்க. 46 சென்டிமீட்டருக்குக் கீழ முடிச்சே விழல. அங்க இருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் வாய்ப்பு செங்குத்தா ஏறுது. அதுக்கு மேல கிட்டத்தட்ட 50 சதவீதத்துல போய் நின்னுடுது. அடுத்த வருஷமே, 2008-ல, இவங்களுக்கு இக் நோபெல் பரிசு. அதாங்க, முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்குற பரிசு.

46 சென்டிமீட்டர். ஒரு முழம். அந்த வரியைப் படிச்சப்போ நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன்.

உடனே "பாட்டிகளுக்கு அன்றே தெரியும்"னு ஃபார்வர்ட் மெசேஜ் மாதிரி முடிச்சுடலாம். ஆனா அது நேர்மையில்ல. அந்தச் சோதனையில போட்டது எம்பிராய்டரி நூல் இல்ல, அதைவிட தடிமனான, விறைப்பான கயிறு. கயிறு எவ்வளவு வளையுது, பெட்டி எவ்வளவு பெருசுங்கிறதைப் பொறுத்து அந்த 46 மாறும். அதனால நம்பர் ஒத்துப்போறது பெரும்பாலும் தற்செயல். தற்செயல் இல்லாத விஷயம், அதோட அமைப்பு: ஒரு நீளத்துக்குக் கீழ முடிச்சு விழ இடமே இல்ல, அதைத் தாண்டினதும் சட்டுனு ஆபத்து ஏறுது. என்னோட ஒன்றரை மீட்டர், அந்த ஏற்றத்தோட உச்சியில!

அப்போ பாட்டிக்கும் டில்மோனுக்கும் அந்த முழம் எங்கிருந்து வந்தது? உடம்புல இருந்துன்னுதான் தோணுது. ஊசியைக் குத்தி, கையை ஒரே வீச்சுல இழுத்தா எவ்வளவு தூரம் போகுமோ அதுதான் வசதியான நீளம். அதுக்கு மேல இருந்தா ஊசியை விட்டுட்டு நடுவுல பிடிச்சு ரெண்டாவது தடவை இழுக்கணும். அந்த இடத்துலதான் நூல் தொய்ஞ்சு சுருக்கு விழுது.

ஓ ஆஃப் என் ஸ்கொயர்!

இப்போ நம்ம ஏரியா. நீள நூல் நேரத்தை மிச்சப்படுத்துமா? கணக்குப் போட்டுடலாம்.

ஒரு தையலுக்கு முன்னும் பின்னுமா சேர்த்து 1 சென்டிமீட்டர் நூல் செலவாகுதுன்னு வச்சுக்குவோம். 50 சென்டிமீட்டர் நூல்ல 50 தையல். முதல் தையலுக்கு அம்பதும் இழுக்கணும், கடைசிக்கு ஒண்ணுமில்ல. சராசரி 25. ஆக 50 × 25 = 1,250 சென்டிமீட்டர், பன்னிரண்டரை மீட்டர் இழுத்திருக்கோம்.

1 மீட்டர் நூல்ல 100 தையல். சராசரி இழுப்பு 50. 100 × 50 = 5,000 சென்டிமீட்டர். அம்பது மீட்டர்!

அதே 100 தையலை ரெண்டு அரை மீட்டர் நூல்ல பண்ணியிருந்தா 25 மீட்டர்தான். அதாவது நூல் நீளத்தை ரெண்டு மடங்காக்கினா, அதே வேலைக்குக் கை போற தூரமும் ரெண்டு மடங்கு. மிச்சமானது ஒரே ஒரு தடவை ஊசி கோக்குற நேரம். நாள் முழுக்க எண்ணிக் கூலிக்குத் தைக்கிறவங்களுக்கு இது தோள்பட்டை வலியா வரும். பாட்டிக்கு இந்தக் கணக்கு பேப்பர்ல தேவைப்படல, தோள்ல இருந்தது.

இன்னொண்ணும் இருக்கு. ஊசிப் பக்கத்துல இருக்குற நூல் ஒவ்வொரு தையலுக்கும் துணிக்குள்ள போய் வருது. அரை மீட்டர் நூல்னா அம்பது தடவை உரசல், ஒரு மீட்டர்னா நூறு. உரசி உரசி நூல் பஞ்சு பஞ்சா மயிர் கிளம்பும். அந்த மயிர் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும். சிக்குக்கு இது ரெண்டாவது காரணம்.

முறுக்கு (தின்கிறது இல்ல)

மூணாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பழைய லேண்ட்லைன் போன் ஒயர் ஞாபகம் இருக்கா? ரிசீவரை எடுத்து, காது மாத்தி வச்சு, சில நாள்ல ஒயர் தன் மேலயே திருகிக்கிட்டு நிக்கும். யாரும் முடிச்சுப் போடல. ஒவ்வொரு தடவையும் அரைச் சுத்து சேர்ந்துக்கிட்டே வந்தது, அவ்வளவுதான்.

ஊசியிலயும் அதே கதை. ஒவ்வொரு தையலுக்கும் விரலுக்குள்ள ஊசி கொஞ்சம் உருளுது. நூல்ல முறுக்கு ஏறுது இல்லாட்டி இறங்குது. இருபது தையலுக்கு அப்புறம் கொஞ்சம் தொய்வு கொடுத்தா, ஏறின முறுக்கு சுருளா மாறி எழுந்து நிக்கும். நாம கவனிக்காம அடுத்த தையலை இழுத்தா, சுருள் முடிச்சாகிடும்.

இதுக்கு கணிதத்துல ஒரு தேற்றமே இருக்கு. ருமேனியாவைச் சேர்ந்த கலுகரேனு 1959-61-லயும், ஜேம்ஸ் ஒயிட் 1969-லயும், ப்ராக் ஃபுல்லர் 1971-லயும் செஞ்ச வேலை. எளிமையா சொன்னா: ரெண்டு முனையும் பிடிபட்ட நிலையில நூலுக்குள்ள இருக்குற முறுக்கும், நூல் தன்னைத்தானே சுத்திக்கிற சுருளும் சேர்ந்த கூட்டுத்தொகை மாறாது. முறுக்கைக் குறைச்சா சுருள் ஏறும், சுருளை நீட்டினா முறுக்கு ஏறும். செல்லுக்குள்ள டி.என்.ஏ. சுருண்டு கிடக்குறதைப் புரிஞ்சுக்கவும் இதே கணக்குதான். கூட்டுத்தொகையை மாத்த ஒரே வழி, ஒரு முனையை விட்டுடறது.

பாட்டி என்ன பண்ணுவாங்க தெரியுமா? பத்துப் பதினஞ்சு தையலுக்கு ஒரு தடவை துணியைக் கவுத்துப் பிடிச்சு, ஊசியைக் கையில இருந்து விட்டுடுவாங்க. ஊசி தொங்கிக்கிட்டு விர்ர்ர்னு சுத்தி நிக்கும். அப்புறம் எடுத்து அடுத்த தையல். சின்ன வயசுல அதைப் பார்க்கத்தான் நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். வேடிக்கை காட்டுறாங்கன்னு நினைச்சேன். ஒரு முனையை விட்டிருக்காங்க!

ஊசிக்கு வயசு என்ன?

சைபீரியாவுல டெனிசோவா குகைன்னு ஒரு இடம். அங்க கிடைச்ச ஒரு எலும்பு ஊசி, பறவை எலும்புல செஞ்சது, 7.6 சென்டிமீட்டர் நீளம், காது குத்தின ஊசி. வயசு நாற்பதாயிரம் வருஷத்துக்கு மேல. காதுள்ள ஊசின்னா அதுல கோத்த ஏதோ ஒரு நூல். நூல்னா சிக்கு. அப்போ இருந்து இது ஓடிக்கிட்டு இருக்கு.

இடைக்கால ஐரோப்பாவுல வேற ஒரு வழி பிடிச்சாங்க. பதினோராம் நூற்றாண்டு பேயோ திரைச்சீலை, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். லினன் துணியில கம்பளி நூல். அதுல உருவங்களோட உடம்பை நிரப்ப, நூலைத் துணி மேலயே பக்கம் பக்கமா படுக்க வச்சு, குறுக்கே வேற நூல் போட்டு அங்கங்க பிடிச்சிருக்காங்க. பதிமூணு, பதினாலாம் நூற்றாண்டுல இங்கிலாந்துல நடந்த தங்க நூல் வேலையிலயும் தங்கம் மேலயே படுத்திருக்கும், லினன் நூல்தான் கீழ இருந்து அதைப் பிடிச்சு இழுக்கும். தங்க நூலை நூறு தடவை துணிக்குள்ள இழுத்தா உரிஞ்சு போயிடும். அதனால இழுக்கவே வேண்டாம்னு முடிவு. அந்தப் பிடிக்கிற நூலுக்குத் தேன்மெழுகு பூசுறது இன்னைக்கு வரைக்கும் உண்டு. மெழுகு மயிரைப் படிய வைக்கும், நூலைக் கொஞ்சம் விறைப்பாக்கும். விறைப்பான நூல் சட்டுனு வளையாது, வளையாட்டி முடிச்சு கம்மி. (அந்தப் பெட்டிச் சோதனையும் இதையேதான் சொல்லுது.)

மெழுகுன்னதும் எங்க ஊரை விட முடியாது. 1920-கள்ல மார்த்தாண்டத்துல ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராம சீரமைப்பு மையம் நடத்தினது. ஸ்பென்சர் ஹாட்ச்னு ஒரு அமெரிக்கர் அதுக்குப் பொறுப்பு. அவங்க பரப்பின தொழில்கள்ல தேனீ வளர்ப்பு முக்கியமானது. இன்னைக்கும் எங்க பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள தேன்பெட்டி பார்க்கலாம். பாட்டியோட தகரப் பெட்டியில ஒரு மெழுகு உருண்டை, நூல் இழுத்து இழுத்து வரி வரியா பள்ளம் விழுந்து கிடக்கு. தேன் வளர்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்ததாம். பட்டன் தைக்க மட்டும்தான் அது. பூவேலைக்குப் பூசினா பளபளப்பு போயிடும்னாங்க.

அந்தப் பளபளப்புக்கும் கதை இருக்கு. 1844-ல இங்கிலாந்தோட லங்காஷயர்ல ஜான் மெர்சர், பருத்தித் துணி வழியா காஸ்டிக் சோடாவை வடிகட்டினப்போ, துணி சுருங்கி, தடிச்சு, சாயத்தை நல்லாப் பிடிக்கிறதைக் கவனிச்சார். 1850-ல காப்புரிமை வாங்கினார். துணி சுருங்கினதால வியாபாரிகள் யாரும் பெருசா கண்டுக்கல. அப்படியே நாற்பது வருஷம் தூங்குச்சு. 1890 வாக்குல ஹோரஸ் லோங்கிறவர், சுருங்க விடாம இழுத்துப் பிடிச்சுக்கிட்டே அதே வேலையைப் பண்ணினார். பட்டு மாதிரி மின்னுச்சு! பருத்தி இழை இயல்பா தட்டையா, திருகின ரிப்பன் மாதிரி இருக்கும். சோடாவுல ஊதி உருண்டையாகி, திருகல் போய் வழவழன்னு ஆகுது. வழவழப்பான இழையில மயிர் கொக்கி போட வேலையில்ல. மெர்சர் 1866-லயே போயிட்டார், பளபளப்பைப் பார்க்கல.

வெட்டாத நூல்

இது வரைக்கும் பார்த்தது எல்லாம் வெட்டின நூலைச் சமாளிக்கிறது. இன்னொரு கூட்டம் வேற மாதிரி யோசிச்சது: நூல் எவ்வளவு நீளமா வேணா இருக்கட்டும், வெளிய தொங்குறது மட்டும் கொஞ்சமா இருந்தா போதும்.

நம்ம ஊர்ல கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி ஒர்க் போடுறாங்களே, கவனிச்சிருக்கீங்களா? சட்டத்துல துணியை விறைப்பா கட்டி, மேல இருந்து கொக்கி ஊசி இறங்கும், கீழ இருக்குற கை நூலைக் கொடுக்கும், கொக்கி ஒரு சுருக்கை மேல தூக்கும். நூலை வெட்டவே வேண்டாம், கண்டுல இருந்து வந்துக்கிட்டே இருக்கும். துணிக்குள்ள ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு தடவைதான் போகுது. மேல சொன்ன ஸ்கொயர் கணக்கு இங்க செல்லாது. குஜராத்ல, குறிப்பா கட்ச் பக்கம், தோல் வேலை செய்யுற மோச்சிகள் இதுல கெட்டிக்காரங்க. பிரான்ஸ்ல இதே மாதிரி கொக்கித் தையலை 1770-ல வந்த சான்-ஓபனோட எம்பிராய்டரிப் புத்தகம் விவரிக்குது, கிழக்கே இருந்து வந்ததுன்னு.

அந்தக் கொக்கியை மிஷின்ல வச்சவர் பார்தலேமி திமோனியே. 1830-ல காப்புரிமை. பாரிஸ்ல 80 மிஷின் போட்டு ராணுவ உடுப்பு தச்சார். 1831-ல தையல்காரங்க கூட்டமா வந்து உடைச்சுப் போட்டாங்க. பொழப்பு போயிடும்ங்கிற பயம். அவங்களைச் சும்மா திட்ட மனசு வரல. ஏ.ஐ. வந்து நம்ம வேலை என்னாகும்னு தினமும் கேன்டீன்ல பேசுறவங்க நாம.

எம்பிராய்டரி மிஷின் இன்னும் சுவாரஸ்யம். 1828-ல அதே முல்ஹவுஸ்ல ஜோசுவே ஹைல்மன் ஒண்ணு செஞ்சார். ரெண்டு பக்கமும் கூர், நடுவுல காது உள்ள ஊசிகள். கையால தைக்கிறதை அப்படியே காப்பி அடிச்ச டிசைன். அதனால கையோட குறையும் கூடவே வந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் வெட்டின நூல். தீர்ந்ததும் எல்லா ஊசியையும் கோக்கணும். கிழக்கு ஸ்விட்சர்லாந்துல இந்த மிஷின் வீடுகளுக்கே வந்தது. ஆம்பளை மிஷினை ஓட்ட, பொம்பளைகளும் குழந்தைகளும் பக்கத்துல உட்கார்ந்து ஊசி கோத்தாங்க, ஸ்கூல் போற முன்னாலயும் வந்த பின்னாலயும். நூலை வெட்டித்தான் ஆகணும்ங்கிற ஒரே ஒரு டிசைன் முடிவு, ஒரு தலைமுறைக் குழந்தைகளோட கண்ணுல விடிஞ்சுது. 1863-ல ஈசாக் க்ரோப்லி தையல் மிஷினைப் பார்த்து, வெட்டாத நூலும் கீழ ஒரு படகு மாதிரி நாடாவும் வச்சு மாத்தினார். படகு வடிவங்கிறதால அந்த மிஷினுக்கே "ஷிஃப்லி", குட்டிப் படகுன்னு பேர்.

நாகர்கோவில்

கடைசியா நம்ம மாவட்டம். 1819-ல லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி நாகர்கோவில் வந்தாங்க. பெண் பிள்ளைகள் பள்ளியில மார்த்தா லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க, 1820-களோட தொடக்கத்துல. திண்டு மேல ஊசிகளைக் குத்தி, ஒவ்வொரு நூலையும் ஒரு மரக் குச்சியில சுத்தி, குச்சிகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்றது. நூல் மீட்டர் கணக்குல இருக்கும். ஆனா எல்லாம் குச்சியில சுத்திக் கிடக்கு. வெளிய இருக்குறது ஒரு சாண். குச்சியோட கனம் நூலைத் தொய்ய விடாது. டஜன் கணக்குல நூல் இருந்தும் சிக்காது. ஒரு முழத்துக்கு மேல வெளிய விடாதேங்கிற அதே விதி, வேற உடையில.

அந்தப் பிள்ளைகள்ல சிலர் அடிமைகள். திருவிதாங்கூர்ல அடிமை முறையை சட்டம் ஒழிச்சது 1855-லதான். லேஸ் பின்னின கூலியைச் சேர்த்து வச்சு, எசமானுக்குக் கட்டி, தங்களைத் தாங்களே மீட்டுக்கிட்ட பிள்ளைகள் உண்டுன்னு மிஷன் வரலாறுகள் சொல்லுது. இதைப் படிச்சப்போ ஸ்க்ரோல் பண்ண முடியாம கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஒரு குச்சி நழுவி நூல் சிக்கினா, அந்தப் பொண்ணுக்கு அது சும்மா ஒரு சிக்கு இல்ல. விடுதலை ஒரு நாள் தள்ளிப் போறது.

கைக்கூலிக்குத் தச்சவங்க எவ்வளவோ பேர். டில்மோன் எழுதினதால அவங்க பேர் இருக்கு, மெர்சருக்குக் காப்புரிமையே இருக்கு. ஊசியைத் தொங்க விட்டுச் சுத்த வச்சவங்க பேர் எங்கயும் இல்ல. அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

இனி நீங்களும் தைக்கலாம்

இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்கு உபயோகமா ஏதாவது வேணும்ல. பாட்டி + டில்மோன் + என் கத்திரிக்கோல் அனுபவம்:

1. நூல் ஒரு முழம். உங்க முழம்.

2. கண்டுல இருந்து எடுக்குற நூல்னா, வெட்டின முனையைக் கோக்கணும்ங்கிறாங்க டில்மோன், அதாவது கண்டுப் பக்கம் இருந்த முனையை. மறு முனை பிரிஞ்சு போகுமாம். சிட்டமா வர்ற நூலுக்கு எந்த முனையானாலும் சரி.

3. ஆறு இழை நூல்ல ரெண்டு இழை வேணும்னா ரெண்டையும் சேர்த்து உருவாதீங்க. ஒண்ணொண்ணா நேர் மேல உருவி, அப்புறம் சேர்த்துக்கோங்க.

4. ஊசிக் காது நூலை விடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். ஊசி போட்ட ஓட்டை சின்னதா இருந்தா நூல்தான் உரசும்.

5. பத்துத் தையலுக்கு ஒரு தடவை ஊசியைத் தொங்க விடுங்க.

6. சுருக்கு விழுந்தா இழுக்காதீங்க. இழுக்குற வரைக்கும் அது முடிச்சு இல்ல, வெறும் சுருக்குதான். ஊசி முனையை உள்ள விட்டு மெதுவாத் தளர்த்தினா வந்துடும். (ப்ரொடக்‌ஷன்ல பிரச்சினை வந்தா உடனே எதையாவது இழுக்குற நண்பர்களுக்கும் இது பொருந்தும்.)

தலையணை உறை என்னாச்சுன்னு கேக்குறீங்களா? பொங்கலுக்குப் போனப்போ மறுபடி உட்கார்ந்தேன். நூல் அளக்க பாட்டி கையை நீட்டினாங்க. டேப் வச்சுப் பார்த்தேன், அவங்க முழம் 41 சென்டிமீட்டர். என்னுது 48. "உன் கைக்கு உன் முழம்தான்"னு சொல்லிட்டாங்க. இருந்தாலும் நாற்பத்தொண்ணுலயே வெட்டினேன். மூணு நாள்ல பூ முடிஞ்சது. அவங்க போட்ட பாதிக்கும் நான் போட்ட பாதிக்கும் வித்தியாசம் வாசல்ல இருந்தே தெரியும்.

முடிச்சதும் பாட்டி வாங்கி, பூவைப் பார்க்கல. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாங்க. விரலை வச்சுத் தடவி, ஒரு இடத்துல நிறுத்தினாங்க. "இங்க ஒண்ணு கெடக்கு மக்கா"ன்னாங்க. கெடந்தது.

டிஸ்கி: உங்க வீட்ல பாட்டி, அம்மா, அத்தை யாராவது சிக்குக்கு வேற வித்தை வச்சிருந்தா கேட்டுச் சொல்லுங்க. சீக்கிரம் கேளுங்க.